உறைக்காத ஏசல்

வடிவு ஏசினால் ஊரே எழுந்து நின்று கைதட்டியது. அவளுக்குச் சந்தேகம் வந்ததே அதில்தான்.

ஏசல் கைதட்டு வாங்குகிற சரக்கில்லை. கல்யாண வீட்டில் பெண் வீட்டுப் பெண்டுகள் மாப்பிள்ளையின் மூக்கையும் முழியையும், அவன் அம்மாவின் கஞ்சத்தனத்தையும் பாட்டாகக் கட்டி முகத்துக்கு நேரே பாடுவார்கள். அந்தப் பக்கமும் சும்மா இருக்காது. யாராவது ஒருவர் முகம் சிவந்து பந்தியிலிருந்து எழுந்து போனால்தான் பாட்டு தேறியது என்று அர்த்தம். அந்த மெட்டைத்தான் வடிவு கிட்டாரில் ஏற்றி, எதிரொலி நன்றாக இருக்கிறதென்று தன் கோயமுத்தூர் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து, தானே எழுதித் தானே பாடித் தானே பதிவு செய்து வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். சினிமாக்காரர்கள் கூப்பிட்டார்கள். போகவில்லை. "அங்க போனா வரிக்கு வரி ஒருத்தன் வந்து சக்கரை போடுவான்" என்றாள்.

பத்திர ஆபீசில் லஞ்சத்துக்குக் கை நீட்டிய ஒருவரை, ஆள் அடையாளம் தெரிகிற மாதிரியே ஒரு பாட்டில் வைத்து நாறடித்தாள். அவர் ஓய்வு பெற்றார், மூன்று மாடி கட்டினார், கிரகப்பிரவேசத்துக்கு அவளையே பாடக் கூப்பிட்டார். "என்ற நேர்மையைப் பத்தி இந்த ஊருல பாடுன ஒரே ஆளு நீங்கதானுங்" என்று கண் கலங்கினார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து வடிவு அவரை மனசுக்குள் மெச்சிக்கூடக் கொண்டாள். பிறகு பார்த்தால் எல்லாருமே அப்படித்தான். மாமியார்களைப் பாடினால் மாமியார்கள் புடவை எடுத்துக் கொடுத்தார்கள். ஜோசியர்களைப் பாடினால் ஜோசியர் சங்கத்தில் சால்வை போட்டார்கள். இந்த ஜனங்களுக்குத் தோல் இத்தனை தடிமனா, அல்லது மூளையே அவ்வளவுதானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று முடிவு செய்துகொண்டு அடுத்த பாட்டை எழுதினாள்.

அவள் பாடியதிலேயே காரமானது 'தாழ்ப்பாள்'. அதில் யார் பேரும் இல்லை. பேருக்குத் தேவையும் இல்லை. அவளுடைய அக்கா மரகதம், காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிற சென்னியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். சென்னியப்பன் கோயில் கமிட்டியில் இருப்பவர், நாலு பேர் பஞ்சாயத்துக்குத் தேடி வருகிற ஆள். தாழ்ப்பாள் போட்ட பிறகு வேறு ஆள். அடிக்கிற கைக்கு ஒரு சரணம், சத்தம் கேட்டதும் டிவியைக் கூட்டி வைத்த தெருவுக்கு ஒரு சரணம் என்று வடிவு எழுதியிருந்தாள். 'தாழ்ப்பாள் சத்தம் கேட்ட தெருவே, தட்டாமத் தூங்குன தெருவே, விடிஞ்சா உன்ற வாசல்ல கோலம் போட வெக்கமில்லையா' என்று முடியும். அந்தத் தெருவே அதைக் கோயில் விசேஷத்துக்கு ஒலிபெருக்கியில் போட்டது.

அந்த மாசியில் மரகதம் கை வீங்கிப் போய் வடிவு வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் இருந்தாள். வடிவு காய் வாங்கப் போன நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து தெருவை ஏசியதைவிட அக்காவைத்தான் வடிவு மனசுக்குள் அதிகம் ஏசினாள். பங்குனியில் ஒரு நாள் காலை, சென்னியப்பன் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா போன் எடுத்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா. தின்னே, தூங்குனே, அழுதே. அப்பறம் அவன்கிட்டயே போய் நின்னுட்டே. மானம்னு ஒண்ணு இருக்குதா இல்லியா உனக்கு?"

"நீயே இப்பிடிக் கேட்டா எப்பிடி வடிவு? நீ சொல்லித்தானே போனேன்."

"நானா?"

"உன்ற பாட்டு. உன்ற ஊட்டுல இருந்தப்ப நித்தமும் அதைத்தானே கேட்டுட்டு இருந்தேன். 'தாழ்ப்பாளுக்குள்ள அவனும் தனிதான், தாங்கிக்க நீ இருந்தா துணைதான்'னு எத்தனை உருக்கமாப் பாடியிருக்கறே. வாய்ல திட்டறா, மனசுல இருக்கறதைப் பாட்டுல சொல்றான்னு நெனைச்சுட்டேன். அழுதுட்டேதான் பஸ் ஏறுனேன்."

இப்படி ஒரு குழைகிற வரியைத் தூக்கத்தில்கூட வடிவு எழுதமாட்டாள்.

"அக்கா, நான் அப்பிடி எழுதவே இல்லை."

"எழுதாமத்தான் நான் கேட்டனா? உன்ற குரல் எனக்குத் தெரியாதா? சரி, அவங்க வந்துட்டாங்க. வெச்சர்றேன்."

மறுநாள் வடிவு 'செவித்தேன்' ஆபீசில் போய் உட்கார்ந்தாள். நாட்டில் முக்கால்வாசிப் பேர் காதில் மொட்டு மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பது செவித்தேனில்தான். கலைஞர்களைக் கவனித்துக்கொள்ள நிரஞ்சன் என்று ஒரு சென்னைக்காரனைப் போட்டிருந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டையும் கலையாத சிரிப்புமாக வந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, நல்ல செய்தி சொல்கிறவன் மாதிரி முன்னால் சாய்ந்தான்.

"அது இசைவு மேடம். மூணு வருஷமா எல்லாப் பாட்டும் இசைவுலதான் போகுது. நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இங்க வந்து உன் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்பனா? இசைவுன்னா என்ன?"

"முன்னல்லாம் ஒரு பாட்டுன்னா எல்லாருக்கும் ஒரே பாட்டு. பிடிக்காதவங்க தள்ளிவிட்டுப் போயிடுவாங்க. இப்ப அப்படி இல்ல. காதுல இருக்கற மொட்டு ரத்த ஓட்டத்தைப் பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு வரி ஒருத்தருக்கு உறுத்துதுன்னா அதைக் கொஞ்சம் இதமாக்கிக் குடுக்கும். முதல்ல தாளத்தை மட்டும் மாத்தினோம், அப்புறம் மெட்டை. இப்ப வார்த்தையும். உங்க குரல்லயே, உங்க பாணியிலயே."

"யாரைக் கேட்டு?"

"ஒப்பந்தத்துல இருக்கு மேடம்."

"என்ற புள்ளையத் தூக்கிட்டுப் போயி மொட்டையடிச்சு, பேரை மாத்தி, ஊரு பூரா பிச்சையெடுக்க உட்டுட்டு, ஒப்பந்தத்துல இருக்குங்கறே."

"பிச்சை இல்ல மேடம். ஒரு சாம்பிள் கேக்கறீங்களா? யாரோடதுன்னு சொல்ல மாட்டேன்."

ஒரு மொட்டை நீட்டினான். வடிவு மாட்டிக்கொண்டாள். அவளுடைய பத்திர ஆபீஸ் பாட்டுத்தான். அவளுடைய கிட்டார். அவளுடைய தொண்டை. ஆனால் பாட்டில், கையெழுத்துப் போடும்போதெல்லாம் ஏழைகளுக்காகக் கண்ணீர் விட்ட ஒரு உத்தமர் உட்கார்ந்திருந்தார். கூரை இல்லாதவனுக்குக் கூரையாக நின்றவரே என்று வடிவு குழைந்து குழைந்து பாடினாள். மூன்று மாடிக்காரர் ஏன் அழுதார் என்று இப்போது விளங்கியது. மொட்டைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்தாள்.

"எனக்கு ஏன் இது ஒரு நாளும் கேக்கல? நானும் மொட்டு போட்டுத்தானே என்ற பாட்டைக் கேக்கறேன்?"

"உங்க பாட்டுல உங்களுக்கு உறுத்தற வரி எதுவும் இல்லையே மேடம்" என்றான் நிரஞ்சன். கிண்டல் எதுவும் அவன் முகத்தில் இல்லை. "உங்களுக்கு அது ஏற்கெனவே இசைவாத்தான் இருக்கு."

அவனை அறைந்துவிடலாம் என்று தோன்றியது. அறைந்தால் அதையும் யாராவது இதமாக்கித்தான் கொடுப்பார்கள்.

"எங்கக்காளை எதுக்குப் பொறுத்துப் போகச் சொல்லுச்சு?"

"நாங்க யாருக்கும் எதுவும் சொல்றதில்ல. அவங்க மனசு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ, பாட்டு அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்துக்கும். அவ்வளவுதான்."

"அவ பயந்து சாஞ்சிருக்கறா. நீங்க புடிச்சுத் தள்ளி உட்டிருக்கறீங்க. அவளுக்கு மட்டும் நான் பாடுனதை உள்ளபடி போட முடியுமா?"

"அவங்களே மொட்டோட செட்டிங்ஸ்ல போய் மாத்தினா உண்டு. யாரும் மாத்தறதில்ல."

"நான் நேருல போய்ப் பாடுனா?"

"நேர்லயும் அதேதான் மேடம். உங்க குரல் எங்ககிட்ட பதிஞ்சிருக்கு. நீங்க பேசினா பேச்சை அப்படியே விட்டுடும். பாட ஆரம்பிச்சீங்கன்னா மொட்டு வெளியில இருந்து வர்ற சத்தத்தை அடைச்சுட்டு இசைவைக் குடுக்கும். உங்க மேடைக் கச்சேரியெல்லாம் பின்ன எப்படின்னு நினைச்சீங்க?"

"வாய் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போகாதா?"

"போகும். யாரு மேடம் வாயைப் பாக்கறாங்க?" மறுபடி அந்தச் சிரிப்பு. "மொட்டைக் கழட்டினா மட்டும்தான் நீங்க பாடறது கேக்கும். ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இத்தனை வருஷத்துல உங்க பாட்டைக் கேட்டு ஒரே ஒருத்தர்கூட வருத்தப்பட்டதில்ல. எங்ககிட்ட இருக்கற கலைஞர்கள்ல அந்தப் பெருமை உங்களுக்கு மட்டும்தான்."

வடிவு எழுந்தாள். ஒருத்தரும் வருத்தப்படாத ஏசலுக்குத் தொண்டை எதற்கு, ஆள்தான் எதற்கு. படியிறங்கும்போது பார்த்தால், வாசலில் இருந்த காவல்காரர் மொட்டைத் தொட்டுக்கொண்டு எழுந்து நின்று கும்பிட்டார். அவரை மாதிரி கும்பிடுகிறவர்களைப் பற்றிப் பாடியதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே காங்கேயம் போனாள். ஆளில்லாமல் ஓடும் வாடகை வண்டி ஒன்றைப் பிடித்து, அக்கா வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் சந்தில் வேப்ப மரத்தடியில் நிற்க வைத்தாள். மரகதத்தின் பேரைச் சொன்னால் கிளம்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்தாள். அக்காவைத் தனியாக ஓரம் கட்டி விஷயத்தைச் சொல்லி, கையோடு கூட்டிப்போவது என்பதுதான் திட்டம். அந்த வீட்டைப் பற்றித் தெரிந்தும் அப்படி ஒரு திட்டம் போட்டதற்கு அவளையே ஒரு பாட்டு ஏசலாம்.

"வாங்கோ, வாங்கோ" என்றார் சென்னியப்பன், மொட்டு மின்னுகிற இரண்டு காதோடும். "பெரிய பாட்டுக்காரிக்கு எங்கூட்டு வழி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங் மாமா. வாசல்ல உங்க பேரை இத்தனாம் பெருசுல எழுதி வெச்சிருக்கறீங்களே, கண்ணு தெரியாதவங்ககூட வந்துருவாங்க."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கொழுந்தியாள் கேலி பேசுவது அவருக்கு மரியாதை செய்கிற மாதிரி.

மரகதம் இலை போட்டாள். இடது காதை மூடி முந்தானையை இழுத்து விட்டிருந்தாள். சோறு போடக் குனிந்தபோது முந்தானை நழுவியது. காது மடல் நாவல்பழ நிறத்தில் வீங்கி, அதற்குள் மொட்டு பிதுங்கிக்கொண்டு இருந்தது.

"அக்கா, வா, அடுப்படியில போய் மோர் கொண்டாரலாம்."

"மோர் இங்கயே வரும்" என்றார் சென்னியப்பன்.

"கறிவேப்பிலை ரெண்டு பறிச்சுட்டு வரட்டுமா? ஊருக்குக் கொண்டு போறேன். நீயும் வாக்கா."

"பறிச்சுப் பையில போட்டாச்சு. உக்காரு அம்மிணி. அக்காளும் தங்கச்சியும் என்ன பேசோணுமோ இங்கயே பேசுங்க. நானென்ன வேத்தாளா?"

மரகதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய போன், சென்னியப்பனின் சட்டைப் பையில் அவர் போனோடு சேர்ந்து ஜோடியாக எட்டிப் பார்த்தது. சாப்பாடு முடிந்தது. வெற்றிலை முடிந்தது. தூங்கவாவது போவாரா என்றால், நாற்காலியை இருவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சும்மா என்ன மொகத்தை மொகத்தைப் பாத்துட்டு. ஒரு ஏசல் எடுத்து உடு. மாமனை ஏசறதுக்குக் கொழுந்தியாளுக்கு இல்லாத பாத்தியதையா?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு அம்மிணி. நீ எங்க ஏசறே? உன்ற பாட்டைக் கேட்டா எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருது. அந்தத் தாழ்ப்பாள் பாட்டு இருக்குதே, தெனமும் ஆலைக்குப் போகையில கேக்கறேன். ஒரு ஆம்பளையோட கஷ்டத்தை அத்தனை நல்லாப் புரிஞ்சுகிட்டவங்க யாரு இருக்கறாங்க?"

வடிவு அவர் காதைப் பார்த்தாள். பேசினால் பேச்சை அப்படியே விட்டுவிடும், பாடினால் அடைத்துக்கொள்ளும்.

"பாடறனுங் மாமா. அதுக்கு முந்தி இவ காதைப் பாருங்க, செவந்து கெடக்குது. தேங்காயெண்ணெய் போட்டு உடறேன். மொட்டைக் கழட்டுக்கா."

"கதவுல இடிச்சுகிட்டா. போட்டு உடு" என்றார் அவர் பெருந்தன்மையாக.

மரகதம் இரண்டு மொட்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வடிவு எண்ணெயைத் தொட்டு மடலில் தடவிக்கொண்டே, கிட்டார் இல்லாமல், வெறும் தொண்டையில் எடுத்தாள்.

"பட்டுக்கரை வேட்டி கட்டிப்
பந்திமுன்னே குந்துன மாமா
கட்டினவளை அடிச்ச கையி
கழுவினாலும் நாறுது மாமா."

மரகதத்தின் தோள் விறைத்தது. சட்டென்று புருஷனைப் பார்த்தாள். இன்னும் ஒரு நொடியில் நாற்காலி பறக்கும் என்று எதிர்பார்க்கிற பார்வை.

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "ஆகா" என்றார்.

வடிவு அடுத்ததை இன்னும் உரக்கப் பாடினாள்.

"தெருவுல போற நாயிகூடத்
தின்ன கைய நக்கும் மாமா
சோறு போட்ட கையை முறிச்சே
நீயி என்ன பொறவி மாமா.

கொல்லைக் கதவு தெறந்திருக்கு
கோழிக்கூண்டு தாண்டு அக்கா
வெள்ளை வண்டி நிக்குதங்கே
வேம்பு நெழலில் ஏறு அக்கா
உன்ற பேரைச் சொன்னாப் போதும்
ஓட்ட ஆளு வேண்டாம் அக்கா
கடைவீதி முக்குல நிக்கட்டும்
காலால் நடந்து வாறேன் அக்கா."

மரகதம் அசையவில்லை. மடியில் கிடந்த மொட்டுகளை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். பாட்டில் இருந்த நாயும் நாற்றமும் அவளைப் பார்த்துப் பாடியவை என்பது போல அவள் முகம்தான் சுருங்கிப் போயிருந்தது. இத்தனை நாளும் இவளுக்கு வரி மாற்றிக் கொடுத்தது மெஷின் மட்டும்தானா என்று வடிவுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் அவளுக்கு எதுகை தானாக வரும்.

"அடிச்ச கைக்கு வலிக்குமின்னு
அமுக்கி உட்ட மகராசி அக்கா
கண்ணுத்தண்ணி ஊத்தி ஆக்கும்
கறிக்கு உப்பு எதுக்கு அக்கா."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு வெறுப்போடு தங்கையை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் எழவில்லை. இத்தோடு சரி, இவள் எழமாட்டாள், நானும் போய் எல்லாருக்கும் பிடித்த மாதிரி பாடிப் பிழைக்கலாம் என்று வடிவு நினைத்த நேரத்தில்தான் சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

"கேட்டயாடி மரகதம்?" கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "என்ற கை தங்கக் கைங்கறா. தெருவுல போறதெல்லாம் என்ற வாசலைப் பாத்துக் கும்புடுதாம். கட்டினவளே கண்டுக்காத பெருமையைக் கொழுந்தியா வந்து பாடறா பாரு. அந்த நடுவால வந்துதே, அந்த அடியை இன்னொருக்காப் பாடு கண்ணு."

"எதுங் மாமா, தெருவுல போறதா?"

"அதேதான், அதேதான்."

வடிவு பாடினாள். தெருவில் போகிற நாய்கூட. சென்னியப்பன் கண்ணை மூடி, அடித்த அதே கையால் தொடையில் தாளம் போட்டார். நீ என்ன பிறவி என்கிற இடம் வந்ததும் பணிவாகத் தலை குனிந்து, நெஞ்சில் கை வைத்து ஏற்றுக்கொண்டார்.

மரகதத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் வடிவு முதலில் நினைத்தாள். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். இருபது வருஷமாக எந்த ஆளின் காலடிச் சத்தத்துக்குக் குலை நடுங்கினாளோ, அந்த ஆள் நாயென்று சொன்னதற்கு நன்றி சொல்லி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டி சிரிக்கறே?"

"பாட்டு நல்லா இருக்குதுங்க."

"பின்னே? இப்பவாச்சும் புரிஞ்சுதே."

"காப்பி வெச்சுக் கொண்டாரட்டுங்களா?"

"சக்கரை எச்சாப் போடு. இன்னைக்கு மனசு நெறைஞ்சு கெடக்குது."

மரகதம் எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, சென்னியப்பனை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விடுகிறவர்கள் பார்க்கிற பார்வை. பிறகு அடுப்படிக்குள் போனாள்.

வடிவு நிறுத்தாமல் பாடினாள். நிறுத்தினால் அவர் காது திறந்துகொள்ளும். மாமாவின் தொப்பையைப் பாடினாள், கமிட்டியைப் பாடினாள், அவர் அம்மா வளர்த்த வளர்ப்பைப் பாடினாள். எங்கோ கோழிகள் படபடத்து அடங்கின. இவர் அழுதுகொண்டே "அம்மா" என்றார். மாமாவைப் பற்றிச் சரக்குத் தீர்ந்து போனதும் தெருவை எடுத்தாள். தெரு தீர்ந்ததும் செவித்தேனை, நிரஞ்சனின் சட்டையை, பொன்னாடை போட்ட ஜோசியர்களை எல்லாம் இழுத்து வைத்து அடித்தாள். அவள் வாழ்க்கையில் பாடியதிலேயே நல்ல ஏசல் அதுதான். கேட்க ஒரு ஜீவன் இல்லை. கேட்ட ஒரே ஆள் விசும்பிக்கொண்டிருந்தார்.

தொண்டை கட்டும் வரை பாடிவிட்டு எழுந்தாள்.

"நான் கெளம்பறனுங் மாமா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"காப்பி குடிச்சுட்டுப் போறது?"

"நீங்க குடியுங்க. வரும்."

"அடிக்கடி வா அம்மிணி. நேருல பேசையில வாய் நீளந்தான் உனக்கு. பாட்டுலதான் மனசு தெரியுது."

"நான் பேசறதும் பாடறதும் ஒண்ணேதானுங் மாமா" என்றாள் வடிவு. பேச்சாகச் சொன்னதால் அது உள்ளபடியே அவர் காதில் விழுந்தது. அவர் அதற்கும் சிரித்தார்.

கடைவீதி முக்கில் வெள்ளை வண்டி நின்றது. பின் இருக்கையில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். துணி இல்லை, நகை இல்லை, செருப்புகூட இல்லை. வடிவு ஏறி உட்கார்ந்ததும் வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் வரைக்கும் இரண்டு பேரும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். யாரும் துரத்தவில்லை.

"காப்பிக்குக் காத்துட்டு இருப்பாங்க" என்றாள் மரகதம்.

"இருக்கட்டும்."

"நீ என்னைப் பாடுனது ரொம்ப எச்சு வடிவு. மகராசியாமா, மகராசி."

"அதுக்குத்தானே எந்திரிச்சே."

"உன்ற பாட்டுக்கொண்ணும் எந்திரிக்கல. நாயிங்கறதுக்கு அந்த ஆளு கும்புட்டாரு பாரு, அதுக்கு எந்திரிச்சேன்."

சொல்லிவிட்டு, மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு இரண்டு மொட்டும் இருந்தன.

"அந்தச் சனியனை எதுக்கு எடுத்துட்டு வந்தே? வெளிய வீசு."

"காது சும்மா இருந்தா அவரு சத்தம் கேக்குது" என்றாள் மரகதம்.

அக்கா வீங்காத காதில் மட்டும் ஒன்றை மாட்டிக்கொண்டாள். போன் இல்லாமலே மொட்டு பாடும்; வாய்க்குள் ஏதோ சொல்லி 'தாழ்ப்பாள்' பாட்டைப் போட்டாள். வடிவு அவள் முகத்தையே கவனித்துக்கொண்டு வந்தாள். இன்னும் ஒரு வரியில் இவள் வண்டியைத் திருப்பச் சொல்வாள், திருப்பச் சொன்னால் மெஷினும் திருப்பும், பெண்கள் பேச்சைத் தட்டாத ஒரே ஆண்பிள்ளை இந்த வண்டிதான் என்று நினைத்தாள். கதவின் பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

மரகதம் திருப்பச் சொல்லவில்லை. இருக்கையில் சாய்ந்து காலை மடக்கி வைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்லுது?" என்றாள் வடிவு. "போய்க் காப்பி வெச்சுக் குடுன்னா?"

"இல்லையே. போன்னுதான் சொல்லுது. வெளிய போன்னு."

"பொறுத்துப் போன்னு சொல்லுச்சுன்னயே?"

மரகதம் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். "அப்ப நான்தான் சரியாக் கேக்கலையாட்ட இருக்குது. இது எப்பவும் இப்பிடித்தான் பாடியிருக்குது வடிவு. எனக்குத்தான் புத்தி போகல. உன்ற பாட்டுத்தான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்குது. இதைக் கேளு, எத்தனை நல்லா எழுதியிருக்கறே."

சுருதி சேராத குரலில், வெட்கப்பட்டுக்கொண்டு, அந்த வரியைப் பாடிக் காட்டினாள்.

"எந்தக் கைக்கும் தெறக்காது தங்கமே, உள்ள இருக்கற கையைத்தான் தாழ்ப்பாளுக்கு அடையாளம் தெரியும்."

வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடிக்கிற கையே, தெருவே என்று அவள் சரணத்துக்குச் சரணம் கத்தியிருந்தாள். உள்ளே இருந்தவளைப் பார்த்து ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. இந்த வரியை எந்த வரியின் மேல் ஏற்றியிருப்பார்கள் என்று மனசுக்குள் தன் பாட்டை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் பொருந்தியது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நல்லா இருக்குதல்ல?" என்றாள் மரகதம், அவள் முழங்கையைத் தொட்டு. "ஏன் பேச மாட்டீங்கறே? நீ எழுதுனதுதானே?"

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் வடிவு.

அதைச் சொல்லி முடிப்பதற்குள் கோயமுத்தூருக்குப் பாதி வழியிலிருக்கிற பல்லடம் தாண்டிவிட்டது.